பலூன், சலூன், மக்ரூன்

தூத்துக்குடி மக்ரூனில் மூன்றே மூன்று பொருட்கள்தான்: முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி. வெள்ளைக்கருவை நுரை பொங்க அடிக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரை சேர்த்து, பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் நுரை விழாது என்ற பதம் வந்ததும், பொடித்த முந்திரியை நுரை உடையாமல் கலக்க வேண்டும். பிறகு அடி அகலமாக, உச்சி கூராக, சின்னச் சங்கு மாதிரி சுற்றி இறக்க வேண்டும். சூடு ஏறினால் நிறம் மாறிவிடும், குறைந்தால் உள்ளே ஈரம் நின்றுவிடும். அதனால் மிதமான சூட்டில் நெடுநேரம் காய விடுவார்கள். நல்ல மக்ரூன் பல் பட்டதும் கரகரவென்று உடையும், மெல்ல ஆரம்பிப்பதற்குள் கரைந்துவிடும். டப்பாவை மூடாமல் வைத்தால் ஒரே ராத்திரியில் நமத்துப்போகும்.

ருசியைப் பற்றி யாருக்கும் தகராறு இல்லை. தகராறெல்லாம் பெயரைப் பற்றித்தான்.

முதல் தகராறு, இதை யார் கொண்டுவந்தார்கள் என்பது. எந்த உணவு வீடியோவைத் திறந்தாலும் பதில் ரெடியாக இருக்கும்: "போர்ச்சுகீசியர்கள் நமக்குத் தந்தது." இரண்டாவது தகராறு கொஞ்சம் நாசூக்கானது. சென்னையில் ஓர் ஐ.டி. அலுவலகத்தின் பேண்ட்ரியில் அது நடந்தபோது நானும் இருந்தேன். ஊருக்குப் போய்வந்த தூத்துக்குடிப் பையன் ஒருவன் பொட்டலத்தைப் பிரித்து எல்லோருக்கும் நீட்டினான். பாரிஸில் ஆறு மாதம் ஆன்சைட் இருந்துவிட்டு வந்தவர் ஒன்றை எடுத்துப் பார்த்தார். "இது மக்ரூன் இல்லப்பா. ஒரிஜினல் வேற. அதை மக்கரோன்னு சொல்லணும்" என்றார். பையன் சிரித்து வைத்தான். அதன்பிறகு அந்தப் பொட்டலத்தை அவன் "கேஷ்யூ ஸ்வீட்" என்று சொல்லித்தான் நீட்டினான்.

நான் திருத்தணிக்காரன். மக்ரூனின் ஊர் எங்களுக்கு மாநிலத்தின் மறுகோடி. ஆனால் ஆந்திர எல்லையில் வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு சொல் காதில் விழுந்ததும், இது எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று மனசு தானாகவே தேடும். மக்ரூன் விஷயத்தில் அப்படித் தேடியபோது தோன்றியது இதுதான்: மேலே சொன்ன இரண்டு தகராறுகளிலும் சாட்சி சொல்ல அந்தச் சொல்லின் கடைசி அசையே போதும். அதை யாரும் கூண்டில் ஏற்றி விசாரித்ததில்லை, அவ்வளவுதான்.

*

கதை இத்தாலியில் தொடங்குகிறது. அங்கே மக்கரோனே என்றால் மாவைப் பிசைந்து செய்த உருண்டை, அல்லது பாஸ்தா. நாம் நூடுல்ஸுக்குப் பக்கத்தில் அடுக்கி வைக்கும் மக்ரோனி அந்த வழியில் வந்ததுதான். அதே பெயர் பாதாமை அரைத்துச் செய்த இனிப்புக்கும் போனது. ஒன்று கோதுமை, இன்னொன்று பாதாம். பொதுவானது பிசைந்த மாவு.

இந்தச் சொல்லுக்கு ஓர் இலக்கியக் கிளையும் உண்டு. 1517ல் தியோஃபிலோ ஃபொலெங்கோ என்ற துறவி, லத்தீனையும் வட்டார இத்தாலியனையும் கலந்து கேலிக் கவிதைகள் எழுதி வெளியிட்டார். லத்தீன் இலக்கணத்துக்குள் சந்தைப் பேச்சைத் திணித்த மொழி அது. மாவும் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் கலந்து செய்யும் மக்கரோனேயை வைத்தே அந்த நடைக்குப் பெயர் வந்தது என்று விளக்கமும் சொன்னார். இன்றைக்கும் ஐரோப்பிய மொழிகளில் இருமொழிக் கலவைக் கவிதைக்கு மக்கரோனிக் என்றே பெயர். நாம் அதே சமாச்சாரத்துக்கு மணியும் பவளமும் கோத்தது என்று மணிப்பிரவாளம் எனப் பெயரிட்டோம். அவர்கள் சாப்பாட்டுத் தட்டிலிருந்து எடுத்தார்கள், நாம் நகைப்பெட்டியிலிருந்து எடுத்தோம்.

இத்தாலியிலிருந்து சொல் பிரான்சுக்குப் போய் மக்கரோன் ஆனது. பிரெஞ்சுக்காரர்கள் கடைசி 'ன்'னை முழுசாகச் சொல்ல மாட்டார்கள், மூக்கில் விட்டுவிடுவார்கள். ரபலேயின் 1552ஆம் வருட நாவலில் வரும் நீண்ட தீனிப் பட்டியலில் இந்தப் பெயர் இருக்கிறது. 1611ல் ராண்டில் கொட்கிரேவ் என்ற ஆங்கிலேயர் வெளியிட்ட பிரெஞ்சு–ஆங்கில அகராதி இதற்குப் பொருள் சொல்கிறது: சர்க்கரை, பாதாம், பன்னீர், கஸ்தூரி சேர்த்துச் செய்யும் சிறு பண்டம். பிரெஞ்சுப் பண்டம் ஆங்கிலத்துக்குள் நுழைந்த நேரம் ஏறக்குறைய அதுதான். நுழைந்த சொல்லின் வாலை ஆங்கிலம் மாற்றியது. ஓன் என்று முடிந்தது ஊன் ஆயிற்று.

ஏன் ஊன்? அந்தக் காலத்தில் ஆங்கிலேயர்கள் பிரெஞ்சிலிருந்தும் இத்தாலியனிலிருந்தும் சொற்களை வாங்கும்போது, அழுத்தம் விழும் கடைசி 'ஓன்'னை அப்படித்தான் தங்கள் வாய்க்கு ஏற்பத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு சொல் இரண்டு சொல் இல்லை, ஒரு குடும்பமே இருக்கிறது. பலோன் பலூன் ஆயிற்று. கார்த்தோன் கார்ட்டூன் ஆயிற்று. சலோன் சலூன் ஆயிற்று. ராணுவத்தில் பெலொத்தோன் பிளாட்டூன் ஆயிற்று. கோமாளியைக் குறித்த பூஃபோன் பஃபூன் ஆகி, பின்னாளில் நம் நாடக மேடைக்கே பபூனாக வந்து சேர்ந்தான். மக்கரோன் மக்ரூன் ஆனதும் இந்த வரிசையில்தான்.

இதில் ஒரு காலக்கணக்கு ஒளிந்திருக்கிறது. இந்த ஊன் வரிசைச் சொற்கள் பெரும்பாலும் 16ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரைக்குள் ஆங்கிலத்துக்கு வந்தவை. அதற்குப் பிறகு ஆங்கிலேயர்களின் ரசனை மாறியது. பிரெஞ்சுச் சொல்லைப் பிரெஞ்சு மாதிரியே எழுதுவதும் சொல்வதும்தான் நாகரிகம் என்று ஆயிற்று. அதனால் பிறகு வந்த கூப்பன் கூப்பூன் ஆகவில்லை, சிஃபான் சிஃபூன் ஆகவில்லை. சாஃப்ட்வேர் ஆட்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ஊன் என்பது ஒரு பழைய வெர்ஷன் நம்பர். ஒரு சொல்லின் வாலைப் பார்த்தே அது எந்த ரிலீஸில் ஆங்கிலத்துக்கு வந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

தமிழுக்கு இரண்டு ரிலீஸும் வந்து சேர்ந்திருக்கின்றன. திருவிழாவில் பலூன், தெருமுனையில் சலூன், ரேஷன் கடையில் கூப்பன், ஜவுளிக்கடையில் சிஃபான். நான்குமே பிரெஞ்சு வாசனை உள்ளவை, நான்குமே நமக்கு ஆங்கிலம் வழியாக வந்தவை. மக்ரூன் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று இப்போது தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

*

ஆனால் இவ்வளவு சீக்கிரம் தீர்ப்பு எழுதக் கூடாது. தூத்துக்குடிக்கு வந்த ஒவ்வொரு கப்பல்காரரையும் கூப்பிட்டு விசாரித்துவிடுவோம்.

முதலில் போர்ச்சுகீசியர்கள். 1530களில் முத்துக்குளித்துறையின் பரதவர்கள் அவர்களுடைய பாதுகாப்பைத் தேடிக் கத்தோலிக்கர்களானார்கள். 1542ல் பிரான்சிஸ் சேவியர் அந்தக் கரைக்கு வந்தார். 1658 வரை தூத்துக்குடியில் போர்ச்சுகீசியர் செல்வாக்குதான். அவர்கள் நம் வீட்டுக்குள் விட்டுப்போன சொற்களைக் கணக்கெடுத்தால் ஒரு வீட்டையே கட்டிவிடலாம்: ஜன்னல், சாவி, அலமாரி, மேசை, கோப்பை, பீப்பாய். அந்த வீட்டைக் கட்ட ஒரு மேஸ்திரி, மந்திரிக்க ஒரு பாதிரி.

இவ்வளவு தந்தவர்கள் மக்ரூனையும் தந்திருக்கலாமே? பண்டத்தைத் தந்திருக்கலாம். பெயரைத் தந்திருக்க முடியுமா என்பதுதான் கேள்வி. போர்ச்சுகீசில் இதற்கு உறவான சொல்லின் கடைசியில் மூக்கால் சொல்லும் 'ஆவ்ங்' என்ற ஒலி வரும். அங்கே அதற்குப் பொருள் பாஸ்தா. அந்த மூக்கொலியைத் தமிழன் வாய் எப்படி வாங்கிக்கொண்டது என்பதற்கு நம்மிடமே உதாரணம் இருக்கிறது. இலங்கைத் தமிழர்கள் ரொட்டிக்குச் சொல்லும் பாண், போர்ச்சுகீசியரின் சொல். நாம் எல்லோரும் சொல்லும் ஏலமும் அவர்களுடைய லெயிலாவ்ங்தான். ஓரிடத்தில் மூக்கொலி 'ண்' ஆனது, இன்னோரிடத்தில் 'ம்' ஆனது. இரண்டிலும் அது 'ஊன்' ஆகவில்லை. இந்த விதிப்படி வந்திருந்தால் நாம் இன்று மக்கராண் என்றோ மக்கரம் என்றோ ஏதோ ஒன்றைத் தின்றுகொண்டிருக்க வேண்டும்.

அடுத்தது பிரெஞ்சுக்காரர்கள். இது இன்னும் விசித்திரம். சொல் அவர்களுடையது. 1674லிருந்து 1954 வரை, இடையிடையே ஆங்கிலேயரிடம் இழந்தாலும், பாண்டிச்சேரியில் இருந்தவர்களும் அவர்களே. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்தவர்களைப் புதுவைக்காரர்கள் இன்றும் சொல்தா என்கிறார்கள். நேரே பிரெஞ்சுக்காரன் வாயிலிருந்து வந்த சொல் அது. ஆங்கிலம் வழியாக வந்திருந்தால் சோல்ஜர் ஆகியிருக்கும். அதே வழியில் வந்திருந்தால் நம்முடையது மக்கரோன் என்று இருக்க வேண்டும். பாரிஸின் பண்டப்பெயர் பாண்டிச்சேரியைத் தாண்டிப் போய், லண்டன் உச்சரிப்போடு தூத்துக்குடியில் இறங்கியிருக்கிறது.

மூன்றாவது ஆளை எல்லோரும் மறந்துவிடுகிறோம். 1658ல் போர்ச்சுகீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்தவர்கள் டச்சுக்காரர்கள். நடுவில் சில காலம் ஆங்கிலேயர் கைக்குப் போய்வந்தாலும், 1825ல் கடைசியாக ஒப்படைக்கும்வரை ஊர் அவர்களுடையதுதான். போர்ச்சுகீசியர்களைவிட நீண்ட காலம் அது. அவர்களுடைய கம்பெனியின் முதலெழுத்துகள் வி.ஓ.சி. டச்சுக்காரர்கள் ஊரை விட்டுப் போய் ஒரு நூற்றாண்டுகூட ஆகுமுன் அதே ஊரில் இன்னொரு வ.உ.சி. கப்பல் விட்டார். இன்றைக்குத் துறைமுகத்துக்கே அவர் பெயர்தான். வரலாறு சில சமயம் மீம் போடும்.

டச்சுக்காரர்களும் நமக்குச் சொல் தந்தவர்கள்தான். துட்டு அவர்களுடையது. கக்கூஸ் அவர்களுடையது. ஈழத்தில் அலுவலகத்தைக் கந்தோர் என்பதும் அவர்களுடையது. இந்தப் பண்டத்துக்கு டச்சு மொழியில் ஒரு பெயர் உண்டு, அது மக்ரோன். இங்கேதான் எனக்குக் கொஞ்சம் தயக்கம். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் 'க'வுக்கும் 'ர'வுக்கும் நடுவில் ஓர் உயிர் இருக்கிறது: மக்-க-ரூன். டச்சில் அந்த உயிர் இல்லை, நம்முடையதிலும் இல்லை. ஒருவேளை டச்சுக்காரர்கள் விட்டுப்போன ஒரு மக்ரோனின் மேல் ஆங்கிலேயர்கள் ஒரு 'ரூ'வை மட்டும் மாற்றி வைத்தார்களோ? இருக்கலாம். ஆனால் வேகமாகப் பேசும்போது நடு உயிரை விழுங்குவது தமிழில் ரொம்பச் சாதாரணம். 'க்ர' ஒரு சந்தேகத்தைத்தான் கிளப்புகிறது, நிரூபணம் ஆகாது. 'ரூ'வோ அப்படியில்லை. டச்சு 'ஓ' நம் வாயில் 'ஓ'வாகத்தான் நிற்கிறது, கந்தோரைப் போல.

கோடு எழுதுபவர்களுக்கு கிட் பிளேம் என்ற கட்டளை தெரியும். ஒரு ஃபைலின் ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டவர் யார் என்று அது காட்டும். கடைசியாகத் தொட்டவர்தான், முதலில் எழுதியவர் இல்லை. அதில் வரும் பெயரைப் பார்த்து "இவன்தான் எல்லாத்தையும் எழுதினான்" என்று நினைப்பது புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் செய்யும் வேலை. மக்ரூன் என்ற சொல்லைக் கடைசியாகத் தொட்டது ஆங்கிலம். சொல் காட்டுவது அவ்வளவுதான். பண்டத்தின் பூர்வோத்தரம் அதில் இல்லை.

*

பண்டத்துக்கு வருவோம். 1861ல் லண்டனில் வெளியான மிஸஸ் பீட்டனின் புகழ்பெற்ற குடும்ப நிர்வாகப் புத்தகத்தில் மக்ரூன் செய்முறை இருக்கிறது. அரை பவுண்டு பாதாம், அரை பவுண்டு சர்க்கரை, மூன்று முட்டையின் வெள்ளைக்கரு. நடுவில் கிரீம் கிடையாது, மைதா கிடையாது. தூத்துக்குடிப் பட்டியலில் மாறியிருப்பது ஒன்றே ஒன்று. பாதாம் இருந்த இடத்தில் முந்திரி.

தூத்துக்குடியில் பாதாம் விளையாது. வடமேற்கிலிருந்து வரவேண்டிய பண்டம், விலையும் அதிகம். முந்திரியோ பக்கத்திலேயே இருந்தது, கன்னியாகுமரியிலும் கொல்லத்திலும். ஆக, ஒரு சமையல்காரர் கைக்கு எட்டியதை எடுத்துப் போட்டார். சுவாரசியம் என்னவென்றால், அந்த முந்திரியும் கப்பலில் வந்ததுதான். பிரேசில் மண்ணின் மரம். அந்த நாட்டுத் தூப்பி மக்களின் சொல்லிலிருந்துதான் போர்ச்சுகீசியரின் காஜு பிறந்தது, அதிலிருந்து ஆங்கிலத்தின் கேஷ்யூவும் இந்தியின் காஜுவும். அந்த மரத்தை நம் கரைக்குக் கொண்டுவந்து நட்டவர்கள் போர்ச்சுகீசியர்கள்.

ஆகவே வீடியோக்காரர்கள் சொல்வதில் ஒரு பாதி உண்மை. தூத்துக்குடி மக்ரூனில் போர்ச்சுகீசியர்கள் இருக்கிறார்கள். ஆனால் பெயரில் இல்லை, மாவில்.

முந்திரிக்கு மட்டும் நாம் கப்பல்காரர்களின் பெயரை வாங்கிக்கொள்ளவில்லை. வீட்டிலிருந்த பழைய சொல் ஒன்றைத் தூசு தட்டிக் கொடுத்தோம். பழந்தமிழில் முந்திரிகை என்றால் திராட்சை. மலையாளத்தில் இன்றும் முந்திரி என்றால் திராட்சைதான். நம் கணக்கு வாய்பாட்டில் முந்திரி என்றால் 320ல் ஒரு பங்கு. திராட்சையாகவும் பின்னமாகவும் இருந்த ஒரு சொல், பிரேசில் கொட்டைக்குப் பெயராகி, கடைசியில் அந்தக் கொட்டையே தன் ஒரே பொருள் என்பது போல உட்கார்ந்துவிட்டது. இன்றைக்கு யாரும் முந்திரியை வந்தேறி என்று சொல்ல மாட்டார்கள். பாயசத்தில் மிதக்கும் முந்திரியைப் பார்த்து நமக்கு பிரேசில் ஞாபகம் வருமா என்ன?

யார் அந்தச் சமையல்காரர்? எந்த வருடம்? 1825க்குப் பிறகு ஆங்கிலேய அதிகாரிகள், வியாபாரிகள், பாதிரிமார்கள் என்று அந்த ஊரில் ஒரு கூட்டம் இருந்தது. 1876ல் ரயில் வந்தது. 1914ல் தனுஷ்கோடி வழி திறக்கும்வரை, சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் தூத்துக்குடியில் ரயிலை விட்டிறங்கிக் கப்பல் ஏறினார்கள். டீக்கு பிஸ்கட் கேட்கும் ஆட்கள் தினமும் வந்துபோகும் ஊர் அது. அந்த நடமாட்டத்துக்கு நடுவில் யாரோ ஒரு துரைசானி வீட்டு அடுப்படியிலோ, ஒரு கப்பலின் சமையலறையிலோ, ஒரு ரொட்டிக் கிடங்கிலோ ஒரு தமிழர் இந்தப் பெயரைக் காதால் வாங்கியிருக்கிறார். படித்து வாங்கவில்லை, காதால் வாங்கினார். எழுத்தைப் பார்த்து வாங்கியிருந்தால் நடுவில் அந்த 'க' விழுந்திருக்காது.

அந்தக் காலத்துச் சமையல்காரர்களை வெள்ளைக்காரர்கள் எப்படிப் பதிவு செய்தார்கள் என்று பார்க்க ஒரு புத்தகம் போதும். 1878ல் கர்னல் கென்னி-ஹெர்பர்ட் 'வைவர்ன்' என்ற புனைபெயரில் மெட்ராஸ் சமையல் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். பொறுமையான, விவரமான எழுத்து. அதில் சமையல்காரருக்கு ஒரு பெயர் உண்டு: ராமசாமி. அது ஓர் ஆளின் பெயர் இல்லை. மெட்ராஸ் ராஜதானியில் அடுப்படியில் நின்ற அத்தனை பேருக்கும் சேர்த்து வைத்த பெயர். சாஸுக்குத் தனிப்பெயர், சூப்புக்குத் தனிப்பெயர், செய்கிறவனுக்கு மட்டும் பொதுப்பெயர்.

"போர்ச்சுகீசியர்கள் தந்தது" என்று நாம் இன்று சொல்லும் வாக்கியமும் ஏறக்குறைய அதே வேலையைத்தான் செய்கிறது. தந்தவனுக்கு ஒரு தேசம் இருக்கிறது. பாதாமை எடுத்துவிட்டு முந்திரியைப் போட்டவனுக்கு, எந்தப் பதத்தில் நுரை நிற்கும், எந்தச் சூட்டில் காயும் என்று கண்டுபிடித்தவனுக்கு, அந்த வாக்கியத்தில் இடமே இல்லை.

*

சரி, பேண்ட்ரி விவகாரத்துக்கு வருவோம். "ஒரிஜினல் வேற" என்பது உண்மையா?

பாரிஸ் கண்ணாடிப் பெட்டிகளில் இளஞ்சிவப்பும் பச்சையுமாக அடுக்கியிருக்கும் மக்கரோன், இரண்டு வட்டங்களுக்கு நடுவே கிரீம் வைத்து ஒட்டியது. அந்த ஒட்டும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டில்தான் பிரபலமானது. அதற்கு முந்தைய சில நூற்றாண்டுகளாக மக்கரோன் ஒற்றை வில்லைதான். மேலே வெடிப்பு விட்ட, நிறமில்லாத, கிரீம் இல்லாத பாதாம் வில்லை. பிரான்சின் நான்சி, சேன்-தெமிலியோன் போன்ற ஊர்களில் இன்றும் அப்படித்தான் செய்கிறார்கள். 1611ஆம் வருட அகராதிக்காரர் உயிரோடு வந்து இரண்டையும் பார்த்தால், பாரிஸ் சாண்ட்விச்சை அல்ல, தூத்துக்குடிச் சங்கைத்தான் சட்டென்று அடையாளம் கண்டுகொள்வார்.

நடுவில் அமெரிக்காவில் இன்னொரு திருப்பம் நடந்தது. 19ஆம் நூற்றாண்டில் காய்ந்த தேங்காய்த்துருவல் கடைகளில் சுலபமாகக் கிடைக்க ஆரம்பித்ததும் பாதாம் போய்த் தேங்காய் வந்தது. மாவும் ஈஸ்ட்டும் இல்லாததால் யூதர்களின் பாஸ்கா நாட்களுக்கு அது தோதாக இருந்தது. ஆக, அங்கே மக்ரூன் என்றாலே தேங்காய் என்று ஆகிவிட்டது. பிறகு 21ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸின் வண்ண வில்லைகள் உலகெங்கும் ஃபேஷனானபோது ஆங்கிலத்துக்கு ஒரு சிக்கல். பழைய சொல்லைத் தேங்காய் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒரே வழி, பிரெஞ்சிலிருந்து அதே சொல்லை இரண்டாம் முறை இறக்குமதி செய்வது. இந்த முறை ஊன் சேர்க்காமல். ஆக ஒரே சொல் நானூறு வருட இடைவெளியில் இரண்டு முறை கடல் தாண்டி, இப்போது இரண்டு பண்டங்களைக் குறிக்கிறது. தாமதமாக வந்த தம்பி தன்னைத்தான் மூத்தவன் என்கிறான்.

சலூனுக்கும் இதேதான் நடந்தது. பிரான்சில் சலோன் என்றால் பெரிய வரவேற்பறை. எழுத்தாளர்களும் தத்துவவாதிகளும் கூடிப் பேசிய இடம். ஆங்கிலத்தில் அது சலூன் ஆகி, மெல்லக் கீழிறங்கி அமெரிக்காவில் சாராயக்கடை ஆயிற்று, நம்மூரில் முடிவெட்டும் கடை ஆயிற்று. இப்போது ஏ.சி. போட்ட கடைகள் சலூன் என்று போர்டு வைப்பதில்லை, சலான் என்றுதான் வைக்கின்றன. சலூனில் வெட்டினால் ஒரு ரேட், சலானில் வெட்டினால் வேறு ரேட். வித்தியாசம் ஓர் உயிரெழுத்துதான். ஆனால் பிரெஞ்சு சலோனின் வேலையைப் பார்த்தது எது? திராவிட இயக்கப் பத்திரிகைகளைச் சத்தமாக வாசித்து விவாதித்த ஊர்ச் சலூன்கள்தான். அதே தூத்துக்குடியில் ஒரு சலூனுக்குள் நூலகமே இருக்கிறது. காத்திருக்கும் நேரத்தில் புத்தகம் படித்தால் கட்டணத்தில் சலுகையும் உண்டு. பெயரை மட்டும் பார்த்து எது அசல் என்று சொல்லப் போனால் இப்படித்தான் ஏமாறுவோம்.

நம் மொழிக்குள்ளேயும் இந்தக் கதை உண்டு. பிஸ்கட் வருவதற்கு முன்னால் நம்மிடம் பிஸ்கோத்து இருந்தது. போர்ச்சுகீசியரின் பிஸ்கோய்த்து அது, இரண்டு முறை சுட்டது என்று பொருள். பிறகு ஆங்கிலத்தின் பிஸ்கட் வந்தது. அதற்கும் பொருள் இரண்டு முறை சுட்டதுதான். இரண்டும் ஒரே லத்தீன் பாட்டியின் பேத்திகள். ஆனால் இன்றைக்கு "அவன் ஒரு பிஸ்கோத்து" என்றால் வசவு. பிஸ்கட் என்று யாரையும் திட்ட முடியாது. முன்னால் வந்த கடன்சொல் ஏழைகளின் வாயில் தங்கி, அவர்களோடு சேர்ந்து மதிப்பிழக்கிறது. பின்னால் வந்தது படித்தவர்களின் வாயில் ஏறி, 'சரியான உச்சரிப்பு' ஆகிவிடுகிறது. கடுதாசிக்கும் லெட்டருக்கும் நடுவில் நடந்தது இதுதான். மக்ரூனைப் பார்த்து மக்கரோன் சிரிப்பதும் இதுதான்.

அந்தப் பையன் "கேஷ்யூ ஸ்வீட்" என்று மாற்றிச் சொன்னானே, அங்கே போனது ஓர் உச்சரிப்பு மட்டுமில்லை. அவன் ஊருக்கு வந்த கப்பல்களின் கணக்கு அந்த ஓர் அசையில் இருந்தது. அதை அவனே அழித்துக்கொண்டான்.

*

இதெல்லாம் எங்கள் ஊர்க்காரனுக்குக் கொஞ்சம் சீக்கிரமாகவே உறைக்கும். 1953 அக்டோபர் 1ல் ஆந்திர மாநிலம் உருவானபோது திருத்தணி சித்தூர் மாவட்டத்தோடு அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, படாஸ்கரின் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1ல் இந்தப் பக்கம் வந்தது. கிராமத்தை அலகாக வைத்து, எங்கே எந்த மொழிக்காரர்கள் அதிகம் என்று பார்த்துக் கோடு போட்டார்கள். அந்தப் போராட்டம் இல்லையென்றால் இந்தக் கட்டுரையை நான் தெலுங்கில் எழுதிக்கொண்டிருப்பேன். அதில் எனக்குச் சந்தேகமில்லை, நன்றியும் உண்டு.

ஆனால் கோடு நிலத்தில்தான் விழுந்தது. சொற்கள் பழையபடியே போய்வந்துகொண்டிருக்கின்றன. எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்று கூப்பிடும் தமிழ் வீடுகள் உண்டு. தெலுங்கு நாயனா அது. தூத்துக்குடிக்காரர் டச்சுத் துட்டை எண்ணும்போது எங்கள் ஆட்கள் தெலுங்கு டப்பை எண்ணுகிறார்கள். கணக்கெடுப்புப் படிவத்தில் தாய்மொழி என்ற கட்டத்தில் ஒன்றைத்தான் எழுத முடியும். மனிதர்களுக்கே அது சிரமமாக இருந்த ஊரில், ஒரு சொல்லைப் பிடித்து நிறுத்தி "நீ எந்த மாநிலம்?" என்று கேட்பது நியாயமாகப் படாது. 'போர்ச்சுகீசியருடையது', 'பிரெஞ்சுக்காரருடையது', 'அசல்', 'போலி' எல்லாமே அப்படிப் பட்டா கேட்கிற கேள்விகள்தான். எந்த வழியாக வந்தாய், யார் கையில் மாறினாய் என்று கேட்டால் சொல் தாராளமாகப் பதில் சொல்லும்.

மக்ரூன் சொல்லும் பதில் இதுதான். இத்தாலியின் மாவு உருண்டையாகப் பிறந்தேன். பிரான்சில் பாதாம் ஆனேன். இங்கிலாந்தில் வால் மாறினேன். ஒருவேளை டச்சுக்காரன் வீட்டில் கொஞ்ச நாள் தங்கியிருக்கலாம். தூத்துக்குடியில் பிரேசில் கொட்டையைப் போட்டுக்கொண்டேன். அங்கேயே இருந்துவிட்டேன்.

இதில் கடைசி இரண்டு வரிகளுக்கு மட்டும் எழுத்தில் தேதியும் இல்லை, ஆளும் இல்லை. அதைத் தேட வேண்டிய இடம் லிஸ்பனும் பாரிஸும் இல்லை. அதிகாலையில் வெள்ளைக்கரு அடிக்கும் பேக்கரிகளின் பின்கட்டு. நுரையின் பதத்துக்கு அவர்கள் என்ன பேர் வைத்திருக்கிறார்கள், அடுப்பின் சூட்டை எதை வைத்துச் சொல்கிறார்கள், அந்த வேலையை யாரிடம் கற்றார்கள், அவர் யாரிடம் கற்றார். அங்கே வயதானவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தூத்துக்குடியில் சொந்தக்காரர் இருப்பவர்கள் அடுத்த முறை போகும்போது பொட்டலத்தோடு சேர்த்து இதையும் கேட்டு வாங்கி வரலாம். ஆபீசில் பொட்டலத்தைப் பிரிக்கும்போது யாராவது திருத்தினால் திருத்தட்டும். மக்ரூன் என்றே சொல்லிக் கொடுங்கள்.